சிறைக்குப் பிந்திய ஜட்சன்

எங்கள் நாளில் வெள்ளிக்கிழமைக் காலை ஆராதனையில் யாராவது ஒரு மிஷனரியின் கதை சொல்லப்படும். சொல்வது பெரும்பாலும் சமயபாட ரீச்சர். பத்து நிமிடத்தில் முடித்தாக வேண்டும். முதலாம் பாடத்துக்கு மணி அடித்துவிடும். பர்மாவுக்குப் போன அதொனிராம் ஜட்சன் ஐயரின் கதையை நான் அப்படித்தான் கேட்டேன். காலில் விலங்கு, இருட்டுச் சிறை, தலையணைக்குள் ஒளித்து வைத்த வேதாகமக் கையெழுத்துப்பிரதி, கைக்குழந்தையோடு சிறைவாசலுக்கு நடந்த மனைவி. கதையில் சிறைக்கதவு திறந்த நேரம் பள்ளி மணியும் அடித்தது. நாங்கள் வரிசையாக வகுப்புக்குப் போனோம். கதை அவ்வளவுதான் என்று முப்பது வருடமாக நினைத்திருந்தேன்.

மீதிக் கதையை நான் தேடி வாசித்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2022இல் மருந்துத் தட்டுப்பாடும் எரிபொருள் வரிசையுமாக நாடு தவித்தபோது எனக்குச் சோர்வென்பதே இருக்கவில்லை. இருபது கிலோமீற்றர் சைக்கிளில் வேலைக்குப் போனேன். இருந்த மருந்தைப் பங்கிட்டுக் கொடுத்தோம். எல்லாம் ஓரளவு சீரான பிறகுதான், மருந்து அலுமாரி நிரம்பியிருந்த ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலையில், வாட்டின் படிக்கட்டடியில் நின்று மேலே ஏற முடியாமல் திரும்பி வந்தேன். என்னோடு படித்த வைத்தியர்களிற் பாதிப்பேர் அதற்குள் கடல் கடந்துவிட்டார்கள். எனது விண்ணப்பப் படிவமும் மேசையில் கிடந்தது. அந்த நாட்களில் அம்மாவின் பழைய புத்தக அலுமாரியிலிருந்து ஜட்சனின் வரலாற்றை எடுத்தேன். சிறைக்குப் பிறகு பாதிப் புத்தகம் மீதமிருந்தது.

அவர் 1788 ஆகஸ்ட் 9ஆந் திகதி அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து மோல்டன் என்னும் ஊரில், ஒரு சபைக்குருவின் மூத்த மகனாகப் பிறந்தார். மூன்று வயதில் தாயிடம் வாசிக்கப் பழகிய பிள்ளை. கல்லூரியில் முதல் மாணவனாகத் தேறினார். இடையில் விசுவாசத்தை விட்டு விலகி, நாடகக்காரரோடு கொஞ்சக்காலம் திரிந்து, பிறகு திரும்பி வந்தார். பெரிய பெயர் எடுக்க வேண்டும் என்ற ஆசை சிறு வயதிலிருந்தே அவருக்குள் இருந்தது. இந்த ஆசை பின்னால் அவரை எப்படி வதைத்தது என்பது இக்கதையில் முக்கியம்.

1810இல் அவரும் அண்டோவர் வேதசாஸ்திரக் கலாசாலையின் சில நண்பர்களும் கீழைத்தேசங்களுக்குப் போக விரும்பிச் சபைத் தலைவர்களுக்கு விண்ணப்பித்தார்கள். அதன் பயனாகவே அமெரிக்க மிஷன் சங்கம் பிறந்தது. 1812 பெப்ரவரி 5ஆந் திகதி ஆன் ஹசெல்டைன் என்ற இளம்பெண்ணை மணந்து, இரண்டு கிழமையில் கப்பலேறினார். அதே கப்பலில் நண்பர் சாமுவேல் நியூவெலும் அவர் மனைவி ஹரியற்றும் வந்தார்கள். கல்கத்தாவில் ஆங்கிலக் கம்பனி இவர்களை இருக்க விடவில்லை. ஹரியற் மொறீசியஸ் தீவில் பத்தொன்பது வயதில் இறந்துபோனார். மனைவியைப் புதைத்துவிட்டுத் தனியனாக 1813இல் இலங்கைக்கு வந்த நியூவெல், யாழ்ப்பாணமே மிஷனுக்கு ஏற்ற இடமென்று எழுதியனுப்பினார். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்ததற்கு அந்தக் கடிதமும் ஒரு காரணம். நம்மில் பலருடைய பூட்டிமார் எழுத்துப் படித்த பள்ளிகளுக்குப் பின்னால் அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணின் கல்லறையும் இருக்கிறது. இது எங்கள் வெள்ளிக்கிழமைக் கதையில் வரவில்லை.

ஜட்சன் தம்பதியர் திருமுழுக்குப் பற்றிய கருத்து மாறிப் பப்ரிஸ்த சபையிற் சேர்ந்தபடியால் அனுப்பிய சங்கத்தையும் விட வேண்டியதாயிற்று. சென்னைக்கு வந்தபோது அங்கிருந்து புறப்படவிருந்த கப்பல் றங்கூனுக்குப் போவது. ஏறினார்கள். அந்தப் பயணத்தில் ஆன் அம்மையாரின் முதற் குழந்தை இறந்து பிறந்தது. 1813 யூலையில் றங்கூன் கரையில் இறங்கியபோது அவரால் நடக்கவும் முடியவில்லை.

பர்மிய மொழியைப் படிக்கவே வருடங்கள் போயின. இரண்டாவது குழந்தை றோஜர் எட்டு மாதத்தில் காய்ச்சலில் இறந்தான். நம்மூர்த் தெருமடம்போல ஒரு மடம் கட்டி, போவோர் வருவோரை அழைத்துப் பேசிக்கொண்டிருந்தார். முதலாவது பர்மியர், மௌங் நௌ என்பவர், திருமுழுக்குப் பெற்றது 1819 யூன் 27இல். வந்து ஏறக்குறைய ஆறு வருடம்! அந்த ஆறு வருடமும் ஜட்சன் தளர்ந்ததாகத் தெரியவில்லை. ஊரிலிருந்தவர்கள் பலன் எங்கே என்று கேட்டபோது பொறுமையாகவே பதில் எழுதினார். நாட்டு மன்னரிடம் மத சுதந்திரம் கேட்கப் போய், கொடுத்த சிறு பிரசுரத்தை மன்னர் நிலத்திற் போட்டதையும் தாங்கிக்கொண்டார்.

1824இல் ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் போர் மூண்டது. ஆங்கிலம் பேசும் வெள்ளையர் எல்லாரும் ஒற்றர் என்று ஆயிற்று. யூன் 8ஆந் திகதி ஆவா நகரில் ஜட்சனைக் கட்டி இழுத்துப்போனார்கள். கூடவே அமெரிக்க மிஷன் வைத்தியரான பிறைஸ் என்பவரும் பிடிபட்டார். கண்புரை அறுவைக்குப் பெயர்பெற்ற வைத்தியர் அவர். சிறையில் இரவில் ஒரு மூங்கிலைக் கைதிகளின் விலங்கிட்ட கால்களுக்கிடையிற் செலுத்தி மேலே உயர்த்திவிடுவார்கள். தோளும் தலையும் மட்டும் நிலத்திற் படும். பதினொரு மாதம் இப்படி.

ஆன் அம்மையார் அதிகாரிகளின் வீடு வீடாக அலைந்தார். சாப்பாடு கொண்டுபோனார். புதிய ஏற்பாட்டின் பர்மிய மொழிபெயர்ப்பை எவரும் திருட விரும்பாத கட்டியான ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தார். 1825 ஜனவரியில் மகள் மரியா பிறந்தாள். மே மாதத்தில் கைதிகளை வேறோர் ஊருக்கு வெறுங்காலுடன் கொதிக்கும் மணலில் நடத்திப்போனபோது ஒருவர் வழியில் இறந்தார். ஜட்சனின் பாதம் தோலுரிந்ததைக் கண்ட ஒரு வங்காளி வேலையாள் தன் தலைப்பாகையைக் கிழித்துச் சுற்றிக் கொடுத்தான். சிறையிற் பறித்து வீசப்பட்ட தலையணையை மௌங் இங் என்ற சீடர் ஞாபகத்துக்கென்று எடுத்து வைத்தார். உள்ளே என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது.

வைத்தியராக நான் இரண்டு தரம் வாசித்த பகுதி ஒன்று உண்டு. மூன்றரை மாதக் குழந்தையோடு ஆன் அம்மையார் கணவரைத் தேடிப் புதிய சிறையூருக்குப் போய்ச் சேர்ந்த நேரம், அவர் வளர்த்த பர்மியச் சிறுமிக்குப் பெரியம்மை கண்டது. உடனே மற்றச் சிறுமிக்கும் சிறைக்காவலனின் பிள்ளைகளுக்கும் தம் கையாலேயே அம்மை குத்தினார். எல்லாருக்கும் விளையாட்டுக்கூடக் குழம்பாத அளவில் இலேசாக வந்து போயிற்று. செய்தி பரவி ஊர்ப்பிள்ளைகளை எல்லாம் கொண்டுவந்தார்கள். தம் மகளுக்குக் குத்தியதுதான் பிடிக்கவில்லை. மரியா கடுமையாக வருந்தித் தேற மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. பின்பு தாயும் விழுந்தார். மருந்துப் பெட்டியை எடுக்க ஆவாவுக்குப் போய், அபினித் தைலத்தை இரண்டிரண்டு துளியாக எடுத்துக்கொண்டு தள்ளாடித் திரும்பினார். தாய்ப்பால் வற்றிவிட்டது. காவலனுக்கு ஏதோ கொடுத்து, விலங்குக் காலோடு ஜட்சன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாலூட்டும் தாய்மார் வீடு வீடாகப் போய் இரந்தார். ஆன் அம்மையாரைக் கணவரின் பின்னால் எரிந்த மெழுகுவர்த்திபோல எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த இரண்டு வருடமும் மிஷனை நடத்தியவர் அவர்தான்.

1826 தொடக்கத்தில் சமாதானம் வந்தது. எங்கள் ரீச்சரின் கதை முடிந்தது இந்த இடத்தில்.

அந்த ஆண்டு நடுப்பகுதியில் ஆங்கிலேயர் வசமான கரையோரத்தில், அம்ஹேர்ஸ்ற் என்னும் புதிய ஊரில் குடும்பம் இறங்கியது. ஆங்கிலத் தூதுக்குழுவோடு மொழிபெயர்ப்பாளராக ஆவாவுக்கு வரும்படி ஜட்சனைக் கேட்டார்கள். அவருக்கு மனமில்லை. ஒப்பந்தத்தில் மத சுதந்திரத்துக்கு ஒரு வரி சேர்க்கலாம் என்ற ஆசையில் போனார். அந்த வரி சேரவில்லை. அவர் அங்கே இருக்கும்போதே, ஒக்டோபர் 24ஆந் திகதி, ஆன் அம்மையார் காய்ச்சலில் இறந்தார். வயது முப்பத்தாறு. ஒரு மாதம் கழித்துக் கறுப்பு முத்திரையிட்ட கடிதம் வந்தது. கொடுத்தவர் குழந்தை இறந்த செய்தி என்று நினைத்தே கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் மனைவி.

திரும்பி வந்தபோது மரியா, சக மிஷனரியான வேட் அம்மையாரின் மடியில் இருந்தாள். தகப்பனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. தாய் இறந்து சரியாக ஆறு மாதத்தில், 1827 ஏப்ரல் 24இல், அவளும் போனாள். தாயின் பக்கத்தில் அதே மரத்தடியிற் புதைத்தார்கள். சில மாதத்தில் ஊரிலிருந்து தகப்பனார் இறந்த செய்தியும் வந்தது.

உடனே உடைந்துபோனார் என்று நினைக்க வேண்டாம். மௌல்மேன் நகருக்கு மிஷனை மாற்றும் வேலை, மடங்கள் கட்டும் வேலை, போதனை என்று ஒரு வருடத்துக்கு மேல் வழக்கம்போல ஓடினார். பிறகுதான் ஒவ்வொன்றாகக் கைவிடத் தொடங்கினார். ஆங்கில அதிகாரிகளின் விருந்துக்குப் போவதை விட்டார். கல்லூரி கொடுத்த கலாநிதிப் பட்டத்தை 1828இல் துறந்தார். பாராட்டுக் கடிதங்களை அழித்தார். தம் சொந்தப் பணத்தை மிஷனுக்கு எழுதிக் கொடுத்தார். சம்பளத்தைக் குறைக்கச் சொன்னார். இவற்றைத் தியாகம் என்று புகழ்வார் உண்டு. நான் வாசித்தபோது வேறொன்று தெரிந்தது. தான் கப்பலேறியது கடவுளுக்காகவா, பெயருக்காகவா என்ற கேள்வி அவரைத் தின்றுகொண்டிருந்தது. பெயருக்காக என்றால் மனைவியும் மூன்று பிள்ளைகளும் எதற்காகச் செத்தார்கள்?

1828 ஒக்டோபரில் ஊருக்கு வெளியே காட்டோரத்தில் ஒரு குடிசை கட்டித் தனியே போய் இருந்தார். புலி திரியும் காடு. அரைவயிற்றுச் சோறு. குடிசையருகே ஒரு புதைகுழி வெட்டி, அதன் ஓரத்தில் உட்கார்ந்து தம் உடல் அழியும் விதத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். ஆன் அம்மையாரின் மூன்றாவது நினைவு நாளில், 1829இல், அவருடைய வீட்டாருக்கு ஒரு கடிதம் எழுதினார். கடவுள் உண்டென்பதில் தமக்கு ஐயமில்லை, ஆனால் அவரைத் தம்மால் காண முடியவில்லை என்ற கருத்து அதில் இருக்கிறது. பதினாறு வருடம் ஊழியம் செய்த ஒருவர் இதை எழுதியதும், பெற்றவர்கள் மறைக்காமல் வைத்திருந்ததும் எனக்குப் பெரிய காரியங்களாகத் தெரிகின்றன.

இருநூறு வருடத்துக்கு முந்திய நோயாளிக்கு இன்று நான் நோய்ப்பெயர் சூட்டுவது முறையல்ல. ஆனாலும் பசியின்மை, தனிமை, தன்னையே குற்றவாளியாக்கும் எண்ணம், சாவின் நினைவு எல்லாம் ஒரே சீட்டில் எழுதி வந்தால், கிளினிக்கில் நான் அந்த ஆளைத் தனியே வீட்டுக்கு அனுப்பமாட்டேன். ஆபத்தின்போது நிமிர்ந்து நின்றவர்கள் ஆபத்து நீங்கிய பிறகு விழுவதை, போருக்குப் பிந்திய நம் ஊர்களில் எத்தனை பேரிடம் கண்டிருக்கிறோம். இடம்பெயர்ந்து திரிந்தபோது அழாத தாய், வீடு திருத்தி முடிந்து பால் காய்ச்சிய அன்று அழத் தொடங்கி மாதக்கணக்காக நிறுத்தவில்லை. ஜட்சனைச் சிறை உடைக்கவில்லை. சிறைக்குப் பின் வந்த அமைதி உடைத்தது.

எப்படி எழும்பினார்? ஏதாவது தரிசனம் கண்டிருப்பார் என்று தேடினேன். அப்படி ஒன்றும் இல்லை. சில சிறு சங்கதிகள்தான் அகப்பட்டன. மொழிபெயர்ப்பை அவர் முற்றாக விடவில்லை. புதிய ஏற்பாட்டைத் திருத்தும் வேலை வேட் ஐயரோடு 1829இலும் நடந்தது. புதைகுழி வெட்டிய அதே கை வினைச்சொல்லைச் சரிபார்த்துக்கொண்டும் இருந்தது. விசுவாசத்தை விட்டு விலகியிருந்த தம்பி எல்நாதன் இறக்கும்போது கடவுளோடு ஒப்புரவானான் என்ற செய்தி வந்தது. அண்ணனுக்கு அது பெரிய ஆறுதல்.

இன்னொன்று, அவர் கண்ணுக்குத் தெரியாமலே நடந்தது. கோ தா பியூ என்று ஒரு கரேன் இனத்தவர். கொலையும் கொள்ளையும் செய்தவர், முன்கோபி, கடனுக்கு அடிமையானவர். அவரை மீட்ட சீடரால் சமாளிக்க முடியாமற் போகவே ஜட்சன் பொறுப்பேற்று எழுத்துப் படிப்பித்தார். பிறகு போட்மன் என்ற இளம் மிஷனரியோடு தவோய் ஊருக்குப் போன அவர், 1828 மே மாதத்தில் அங்கே திருமுழுக்குப் பெற்றார். அவர் வழியாகவே கரேன் மக்கள் கூட்டங்கூட்டமாகச் சபைக்கு வரத் தொடங்கினார்கள். ஜட்சன் பட்டத்தைத் துறந்துகொண்டிருந்த அதே மாதத்தில், அவர் நட்ட பயிர் இன்னோர் ஊரில் முளைவிட்டது.

1830இல் அவர் குடிசையை விட்டு வெளியே வந்து ஆற்றோடு மேலே, பிறோம் நகருக்குப் போனார். பாழடைந்த ஒரு மடத்தில் தங்கிப் பேசினார். முதலில் ஆட்கள் வந்தார்கள். அரசாங்கம் சந்தேகிக்கிறதென்றதும் நின்றுவிட்டார்கள். சாதாரணமாகப் பார்த்தால் இது தோல்வி. ஆனால் அவருடைய நடை திரும்பிவிட்டது. றங்கூனுக்கு இறங்கி வந்து ஒரு வீட்டு மேல்மாடியில் மொழிபெயர்ப்புக்கு உட்கார்ந்தார். 1831 தொடக்கத்தில் பெரிய கோயில் திருவிழாவுக்கு நாடெங்கிலுமிருந்து சனம் வந்தபோது, எழுத்தில் ஏதாவது தாருங்கள் என்று அவர் வீட்டுப் படியில் ஆட்கள் நின்றார்கள். தூர எல்லைப்புறங்களிலிருந்தும் நடந்து வந்தவர்கள் இருந்தார்கள். கேட்டவருக்கு மட்டும் கொடுத்தும் பத்தாயிரம் பிரசுரங்கள் அளவில் முடிந்தன. கடவுளைக் காண முடியவில்லை என்று எழுதி ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. அந்தப் படியில் நின்றவர்களுக்கு அது தெரியாது. அவர்களுக்குத் தேவையானது அவரிடம் இருந்தது, கொடுத்தார்.

பழைய ஏற்பாட்டை 1834 ஜனவரி 31இல் முடித்தார். அதே ஆண்டு, போட்மன் இறந்தபின் தனியே காட்டுப் பள்ளிகளை நடத்திவந்த அவர் மனைவி சேராவை மணந்தார். எட்டுப் பிள்ளைகள். முழு வேதாகமத்தையும் மீண்டும் திருத்தி 1840இல் நிறைவாக்கினார். சேரா அம்மையாரின் உடல்நலத்துக்காக அமெரிக்காவுக்குப் போகும் வழியில் 1845இல் சென் ஹெலீனா தீவில் அவரையும் அடக்கம் செய்ய வேண்டிவந்தது. இம்முறை அழுதார், எழும்பினார், பயணத்தைத் தொடர்ந்தார். குடிசை கட்டவில்லை. முப்பத்துமூன்று வருடத்துக்குப் பிறகு பிறந்த நாட்டில் கால்வைத்தபோது தொண்டை வருத்தத்தால் குரல் எழவில்லை. அவர் மெல்லச் சொல்வதை இன்னொருவர் உரக்கச் சொல்லச் சபைகள் கேட்டன. எமிலி சப்பக் என்ற எழுத்தாளரை மணந்து திரும்பிப் போய், அகராதி வேலையில் இறங்கினார். அகராதியில் அவருக்குப் பெரிய விருப்பமில்லை. ஆனால் இனி வருகிறவர்களுக்குத் தேவை என்று செய்தார்.

என் மேசையில் கிடந்த படிவத்தைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் இருந்து இதை வாசிக்கும் என் வகுப்புத் தோழிகள் கட்டாயம் கேட்பார்கள். அது இன்னும் லாச்சிக்குள் இருக்கிறது. போனவர்கள் பிழை, இருப்பவர்கள் சரி என்று ஜட்சனின் வாழ்க்கை எங்கும் சொல்லவில்லை. அவரே பிறந்த ஊரை விட்டுப் போனவர்தானே. நான் செய்தது ஒன்றே. எனக்கு மேலிருந்த ஒரு மூத்த வைத்தியரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் புத்தி சொல்லவில்லை. அடுத்த மூன்று மாதமும் என்னோடு சேர்ந்து படியேறினார். வேட் ஐயரும் அப்படித்தான் அந்தக் குடிசைக்காரரோடு கையெழுத்துப்பிரதிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

1849 முடிவில் ஜட்சனுக்குக் காய்ச்சல் கண்டு தேறாமற் போயிற்று. அகராதியின் ஆங்கிலம் – பர்மியப் பகுதி முடிந்திருந்தது. பர்மியம் – ஆங்கிலப் பகுதி பாதியில் நின்றது. கடற்காற்றுக்கென்று கப்பலேற்றினார்கள். மாதம் நிறைந்த கர்ப்பிணியான எமிலி அம்மையாரால் கூடப் போக முடியவில்லை. 1850 ஏப்ரல் 12ஆந் திகதி நடுக்கடலில் இறந்தார். அன்றே கடலில் இறக்கிவிட்டார்கள். பத்து நாள் கழித்து எமிலி அம்மையாருக்குப் பிள்ளை இறந்து பிறந்தது. கணவரின் செய்தி அவருக்குக் கிடைக்க நான்கு மாதம் சென்றது. அகராதியின் மீதிப் பகுதியை ஸ்ரீவன்ஸ் என்ற சக மிஷனரி, ஜட்சன் விட்டுப்போன தாள்களிலிருந்து தொடர்ந்து எழுதி, 1852இல் அச்சேற்றினார்.